ஒரே ஒரு புதரில் தப்பிய பூச்சி!

கப்பல் ஒன்று தரை தட்டியது. அதனால் ஒரு பூச்சி இனம் அழிந்தது!

கப்பலுக்கும் பூச்சிக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது போல இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் முடிச்சு இருக்கிறது. அந்த முடிச்சின் பெயர், எலி.

1918-ம் ஆண்டு ஜூன் மாதம். பசிபிக் கடலில் "மகாம்போ" என்ற நீராவிக் கப்பல் போய்க்கொண்டு இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, நடுக்கடலில், லார்டு ஹவ் என்று ஒரு சின்னத் தீவு உண்டு. அந்தத் தீவின் கரை அருகே கப்பல் தரை தட்டி நின்றுவிட்டது.

கப்பலைப் பழுது பார்த்தார்கள். மறுபடியும் மிதக்கவிட்டார்கள். கப்பல் போய்விட்டது. ஆனால் கப்பலில் இருந்த எலிகள் போகவில்லை. அவை கரை ஏறிவிட்டன.

அதுவரை அந்தத் தீவில் சுண்டெலி இருந்தது. பெரிய எலி கிடையாது. வந்த எலிகளுக்குக் கொண்டாட்டம்! பிடிக்கப் பாம்பு இல்லை. மரம் எல்லாம் பழம். கூடு எல்லாம் முட்டை. தரை எல்லாம் பூச்சி.

இரண்டே ஆண்டுகள். 1920-ம் ஆண்டுக்குப் பிறகு, அந்தத் தீவுக்கே சொந்தமான ஒரு பூச்சியை அங்கு யாரும் பார்க்கவில்லை.

"நிலத்து நண்டு"

அது என்ன பூச்சி? குச்சிப்பூச்சியில் ஒரு வகை.

நம் ஊர்த் தோட்டங்களிலும் குச்சிப்பூச்சி உண்டு. காய்ந்த குச்சி போல மெலிந்து இருக்கும். அசையாமல் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. லார்டு ஹவ் தீவின் பூச்சி அப்படி அல்ல. நன்றாகத் தடித்தது. ஆள்காட்டி விரலைவிடப் பருமன். நீளம் 15 சென்டிமீட்டர் வரை, அதாவது ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் குறைவு. நிறம் பளபளப்பான கறுப்பு. ஓடு போன்ற உடம்பு. இறக்கை கிடையாது. பறக்க முடியாது.

பார்த்தால் கடல் இறால் தரைக்கு வந்துவிட்டது போல இருக்கும். அதனால் வெள்ளைக்காரர்கள் அதற்கு "நிலத்து நண்டு", "மரத்து இறால்" என்ற பொருளில் பட்டப்பெயர் வைத்தார்கள். தீவு மக்கள் அதைத் தூண்டிலில் மாட்டி மீன் பிடித்தார்கள். அந்த அளவுக்குக் கூட்டம் கூட்டமாக இருந்தது.

பகலில் மரப்பொந்தில் ஒளிந்து இருக்கும். இரவில் வெளியே வந்து இலை தின்னும். குஞ்சு பிறக்கும்போது பச்சை நிறம், பகலில் திரியும். வளர வளர நிறம் கறுக்கும். இரவுப் பூச்சியாக மாறும். ஆண் பூச்சியும் பெண் பூச்சியும் ஜோடியாகப் படுத்து இருக்கும். ஆண் தன் காலைப் பெண்ணின் மேல் போட்டுக்கொண்டு உறங்குவதை வளர்த்தவர்கள் பார்த்து இருக்கிறார்கள்!

இத்தனை பெரிய, பறக்கத் தெரியாத, கொட்டவும் தெரியாத பூச்சி, எலிக்குக் கிடைத்தால் என்ன ஆகும்? பந்தியில் வைத்த லட்டு போலத்தான்.

அழிந்தது இந்தப் பூச்சி மட்டும் அல்ல. தீவுக்கே உரிய பறவைகளில் ஐந்து வகைகளை எலி அடியோடு ஒழித்துவிட்டது. தீவில் "கென்டியா" என்று ஒரு பனை இனம் உண்டு. பெரிய ஓட்டல்களின் வாசலில் தொட்டியில் வைக்கிறார்களே, அந்த அழகுப் பனைதான். அதன் விதையை விற்றுத்தான் தீவு மக்கள் பிழைத்தார்கள். அந்த விதையையும் எலி விடவில்லை. வயிற்றில் அடித்துவிட்டது.

எலி வாலுக்குக் காசு

மக்கள் சும்மா இருக்கவில்லை. எலியைக் கொன்று வாலைக் கொண்டு வந்தால் காசு என்று அறிவித்தார்கள். எலி குறையவில்லை.

ஆந்தையைக் கொண்டு வந்தால் எலியைத் தின்னுமே என்று ஒரு யோசனை பிறந்தது. வெளியில் இருந்து ஆந்தைகளைக் கொண்டு வந்து விட்டார்கள். ஆந்தை எலியையும் தின்றது. மிச்சம் இருந்த பறவைகளையும் தின்றது! வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

இங்கே ஒரு செய்தி. தீவில் ஏறிய எலி, கறுப்பு எலி என்ற இனம். வீட்டுக் கூரையில் ஓடுகிற எலி. அதன் பூர்வீகம் இந்தியாவும் அதை ஒட்டிய நாடுகளும் என்பது விஞ்ஞானிகள் முடிவு. நம் பக்கத்து எலி, கப்பல் ஏறி, உலகம் முழுவதும் குடியேறிவிட்டது. டிக்கெட் வாங்காத பிரயாணி!

ஓட இடம் இல்லை

நம் ஊரிலும்தான் எலி இருக்கிறது. பூச்சிகள் அழிந்துவிட்டனவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

நம் ஊர்ப் பூச்சி, எலியோடும் ஓணானோடும் எறும்போடும் பழகிய பூச்சி. கொட்டத் தெரியும். ஓடத் தெரியும். நாற்றம் விடத் தெரியும். ஓர் ஊரில் அழிந்தாலும் அடுத்த ஊரில் இருக்கும்.

கடல் தீவின் நிலைமை வேறு. இலங்கை போன்ற தீவு அல்ல அது. இலங்கை ஒரு காலத்தில் இந்தியாவோடு தரை வழியாகச் சேர்ந்து இருந்தது. லார்டு ஹவ் எந்த நாட்டோடும் சேர்ந்து இருந்தது இல்லை. கடலுக்கு அடியில் எரிமலை வெடித்து, பாறைக்குழம்பு குவிந்து, நீருக்கு மேலே தலை காட்டியது. சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு! அப்போது அங்கே ஒரு புல்கூட இல்லை.

பிறகு காற்றில் பறந்தும், பறவையின் காலில் ஒட்டியும், மிதக்கும் மரக்கட்டையில் தொற்றியும் விதைகளும் பூச்சிகளும் வந்து சேர்ந்தன. எலி அப்படி வர முடியவில்லை. ஆகவே வந்த பூச்சிகள் பயம் அறியாமல் வாழ்ந்தன. தலைமுறை தலைமுறையாக உருவம் மாறின. பல பூச்சிகள் இறக்கையையே விட்டுவிட்டன.

இறக்கையை ஏன் விட வேண்டும்? இதைப் பற்றி யோசித்தவர்களில் பெரியவர் சார்லஸ் டார்வின். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே மதீரா என்ற தீவு இருக்கிறது. அங்கே அறியப்பட்டு இருந்த 550 வகை வண்டுகளில் 200 வகைகளால் பறக்க முடியாது என்று அவர் எழுதி வைத்தார். தீவில் காற்று பலம். பறந்த வண்டைக் காற்று கடலில் தள்ளிவிடும். பறக்காமல் தரையில் கிடந்த வண்டு பிழைக்கும், குஞ்சு பொரிக்கும். இதுதான் டார்வின் சொன்ன காரணம்.

ஆக, காற்றில் இருந்து பூச்சியைக் காப்பாற்றியது எதுவோ, அதுவே எலி வந்தபோது எமனாகிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லார்டு ஹவ் தீவின் நீளம் சுமார் 11 கிலோ மீட்டர். அகலம் அதிகமான இடத்தில் 2 கிலோ மீட்டர் சொச்சம். மலை குறுக்கிடாவிட்டால் சைக்கிளிலேயே முனைக்கு முனை போய்விடலாம். அந்தப் பூச்சிக்கு உலகம் அவ்வளவுதான். அந்த உலகத்தில் எலி புகுந்தால், அடுத்த ஊர் என்று ஓட ஓர் ஊர் இல்லை.

நெப்போலியன் தீவில்

லார்டு ஹவ் தீவில் நடந்தது ஏதோ ஓர் இடத்தில் நடந்த விபத்து அல்ல. கடல் தீவு எங்கும் இதே கதை நடக்கிறது.

செயின்ட் ஹெலினா தீவை எல்லோருக்கும் தெரியும். நெப்போலியனைச் சிறை வைத்தார்களே, அந்தத் தீவு. அட்லாண்டிக் கடலின் நடுவில் இருக்கிறது. அங்கே வாலில் இடுக்கி வைத்த ஒரு பூச்சி வாழ்ந்தது. அந்த வகைப் பூச்சிகள் மற்ற இடங்களில் சுண்டு விரல் நகம் அளவு இருக்கும். கொஞ்சம் பெரிதாகவும் இருக்கும். செயின்ட் ஹெலினாவில் 8 சென்டிமீட்டர் நீளம்! உலகத்திலேயே பெரிய இடுக்கிப் பூச்சி அதுதான்.

கற்களுக்கு அடியில் அது வாழ்ந்தது. வீடு கட்ட மக்கள் கல்லைப் பொறுக்கிக் கொண்டு போனார்கள். கூரை போயிற்று. வெளியில் இருந்து எலி வந்தது, சுண்டெலி வந்தது, பூரான் வந்தது. உயிரோடு அந்தப் பூச்சியைக் கடைசியாகப் பார்த்தது 1967-ம் ஆண்டில். பிறகு பல தடவை தேடினார்கள். உலர்ந்த இடுக்கிகள் கிடைத்தன. பூச்சி கிடைக்கவில்லை. 2014-ம் ஆண்டில் "அழிந்துவிட்டது" என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பட்டியலில் எழுதிவிட்டது.

யானை அழிந்தால் உலகம் அழும். இடுக்கிப் பூச்சி அழிந்தால் யார் அழுவார்கள்? பட்டியலில் ஒரு வரி. அதோடு சரி.

ஹவாய் தீவுகளின் கதை எறும்புக் கதை. அந்தத் தீவுகளில் ஆதியில் எறும்பே கிடையாது! நம்ப முடியாது. ஆனால் உண்மை. இப்போது அங்கே ஊரும் எறும்புகள் எல்லாம் மனிதனின் சரக்கோடு வந்து இறங்கியவை. ஹவாயில் மஞ்சள் முகத் தேனீக்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. 60-க்கு மேற்பட்ட வகைகள். நம் ஊர்த் தேனீ போலக் கூட்டமாக அடை கட்டாது. ஒவ்வொரு பெண் தேனீயும் குச்சித் துளையிலும் மண்ணிலும் தனியாக முட்டை இடும். எறும்பு வரிசை வந்தால் காவலுக்கு ஆள் இல்லை. 2016-ம் ஆண்டில் இவற்றில் 7 வகைகளை, அழியும் நிலையில் உள்ளவை என்று அமெரிக்க சர்க்கார் அறிவித்தது. தேனீக்கு அமெரிக்காவில் அப்படிப்பட்ட சட்டப் பாதுகாப்பு கிடைத்தது அதுதான் முதல் தடவை.

பிஜி தீவு? நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போன பிஜிதான். அங்கே எறும்பே ஆபத்தில் இருக்கிறது. பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த எறும்புகளின் மரபணுவை ஜப்பானில் ஓகினாவா ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்தார்கள். முடிவு 2025-ம் ஆண்டில் வெளிவந்தது. பிஜிக்கே சொந்தமான எறும்பு வகைகளில் 100-க்கு 79 குறைந்துகொண்டு வருகின்றன. தேய்வு தொடங்கியது எப்போது? சுமார் 3 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, மனிதன் அங்கே கால் வைத்த பிறகு. வேகம் எடுத்தது கடந்த 300 ஆண்டுகளில். வெளியில் இருந்து வந்த எறும்புகளோ பெருகி வருகின்றன.

எறும்பு தானே என்று சொல்லிவிடக் கூடாது. மண்ணைக் கிளறுவது, செத்ததைத் தின்று சுத்தம் செய்வது, விதையைச் சுமப்பது எல்லாம் எறும்பின் வேலை. சம்பளம் இல்லாத துப்புரவுத் தொழிலாளி அது.

கடலில் ஒரு கல் தூண்

மறுபடியும் லார்டு ஹவ் தீவுக்கு வருவோம். அங்கே ஓர் அதிசயம் நடந்தது.

தீவில் இருந்து 23 கிலோ மீட்டர் தள்ளி, கடலில் ஒரு பாறை நிற்கிறது. "பால் பிரமிடு" என்று அதற்குப் பெயர். பழைய எரிமலையின் மிச்சம். கோவில் கோபுரத்தை இழுத்து நீட்டிக் கடலில் நட்டு வைத்தது போல இருக்கும். உயரம் 550 மீட்டருக்கு மேல்! ஸ்ரீரங்கம் ராஜ கோபுரத்தை ஒன்றன் மேல் ஒன்றாக ஏறக்குறைய எட்டு அடுக்கு வைத்தால்தான் அந்த உயரம் வரும். படகு கட்ட இடம் இல்லை. அலை தூக்கும்போது பாறைக்குத் தாவ வேண்டும். தவறினால் கடல்தான்.

1964-ம் ஆண்டில் மலை ஏறும் வீரர்கள் சிலர் அங்கே போனார்கள். செத்துக் கிடந்த ஒரு பெரிய கறுப்புப் பூச்சியைப் பார்த்தார்கள். அழிந்துபோன குச்சிப்பூச்சி! ஆனால் உயிரோடு ஒன்றும் அகப்படவில்லை. பூச்சி இரவில் அல்லவா வெளியே வரும்? இரவில் அந்தப் பாறையில் ஏற யாருக்குத் துணிச்சல்?

37 ஆண்டுகள் ஓடின. 2001-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், டேவிட் பிரிடல், நிக்கலஸ் கார்லைல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் துணையாட்களோடு அங்கே போனார்கள். பூச்சி இருக்கிறது என்று அவர்கள் நம்பிப் போகவில்லை. இல்லை என்று உறுதி செய்துவிட்டால் வதந்தி அடங்கும் என்று நினைத்தார்கள்.

பகல் முழுவதும் தேடினார்கள். சில்வண்டுகள்தான் தென்பட்டன. இறங்கும் வழியில், பாறைப் பிளவில் ஒரு புதர். "மெலலூக்கா" என்ற செடி. அதன் அடியில் புழுக்கை கிடந்தது. பெரிய பூச்சியின் புழுக்கை. புதுப் புழுக்கை!

பூச்சி எங்கே? இரவில் வந்தால்தான் தெரியும். இருட்டிய பிறகு கார்லைலும் தீவின் வனக் காவலர் ஒருவரும் டார்ச் விளக்கோடு மறுபடியும் ஏறினார்கள். பகலிலேயே பயங்கரமான சரிவு. கீழே அலை இரைகிறது. புதரில் வெளிச்சம் அடித்தார்கள்.

பளபள என்று கறுப்பாக ஒன்று நின்றது. அருகே இன்னொன்று.

80 ஆண்டுகள் செத்துவிட்டது என்று எண்ணிய பூச்சி உயிரோடு இருந்தது! அடுத்த ஆண்டில் எண்ணிப் பார்த்தார்கள். 24 பூச்சிகள். உலகத்தில் அவ்வளவுதான். எல்லாம் ஒரே ஒரு புதரிலும் அதைச் சுற்றியும். ஒரு கல் உருண்டு விழுந்து இருந்தால், ஒரு புயல் அந்தப் புதரைப் பெயர்த்து இருந்தால், கதை முடிந்து இருக்கும்.

இறக்கை இல்லாத பூச்சி 23 கிலோ மீட்டர் கடலை எப்படித் தாண்டியது? பறவை கொண்டு போன குச்சியில் முட்டை இருந்து இருக்கலாம். கட்டையில் மிதந்து போயிருக்கலாம். தூண்டில் இரைக்காக மீனவர் கொண்டு போனதில் ஒன்று தப்பி இருக்கலாம். பூச்சி சொன்னால்தான் உண்டு.

ஆதாமும் ஏவாளும்

2003-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி, அந்த 24-ல் இருந்து இரண்டு ஜோடிகளை மட்டும் எடுத்தார்கள். ஒரு ஜோடி சிட்னி நகரில் பூச்சி வளர்க்கும் ஒருவருக்குப் போயிற்று. சில நாட்களிலேயே இரண்டும் செத்துவிட்டன.

மீதி ஒரு ஜோடி. மெல்போர்ன் மிருகக்காட்சி சாலைக்குப் போயிற்று. ஆதாம், ஏவாள் என்று பெயர் வைத்தார்கள்.

ஏவாள் சில முட்டைகள் இட்டது. பிறகு நோயில் விழுந்தது. உடம்பு சுருண்டுவிட்டது. பூச்சிக்கு மருந்து கொடுக்க எந்த டாக்டருக்குத் தெரியும்? பேட்ரிக் ஹோனன் என்பவர் அதற்குப் பொறுப்பாளர். அவர் இலையை அரைத்தார். சர்க்கரைச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கலந்தார். சொட்டுச் சொட்டாக ஏவாள் வாயில் விட்டார். கைக்குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவது போல!

ஏவாள் எழுந்து நடந்தது. மறுபடியும் முட்டை இட்டது. குஞ்சுகள் பொரித்தன. சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான முட்டைகள், நூற்றுக்கணக்கான பூச்சிகள் என்று குடும்பம் பெருகியது. இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் முட்டைகள் அனுப்பினார்கள். ஓர் இடத்தில் தீ பிடித்தாலும் இன்னோர் இடத்தில் இனம் இருக்க வேண்டும் அல்லவா?

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. பாறையில் கிடைத்த பூச்சியின் சாயல், அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய லார்டு ஹவ் பூச்சியின் சாயலில் இருந்து கொஞ்சம் மாறி இருந்தது. இது அதுதானா? வேறா? 2017-ம் ஆண்டில் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே இனம் என்று முடிவாகிவிட்டது.

எலிக்கு நஞ்சா? தீவுக்கு நஞ்சா?

பூச்சி தயார். வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். ஆனால் வீட்டில் எலி இருக்கிறதே!

எலியை அடியோடு ஒழிக்க ஒரு திட்டம் தீட்டினார்கள். நஞ்சு கலந்த தீனியை ஹெலிகாப்டரில் இருந்து மலை எங்கும் தூவுவது. வீடுகள் உள்ள பகுதியில் பெட்டிகளில் வைப்பது. ஓர் எலி மிச்சம் இருந்தாலும் பயன் இல்லை. ஆகவே ஒரு மூலையையும் விடக் கூடாது.

தீவில் இருப்பவர்கள் சுமார் 400 பேர். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அவர்களுக்குள் பெரிய சண்டை மூண்டது. "குழந்தைகள் விளையாடும் இடத்தில் நஞ்சா? குடிதண்ணீர் என்ன ஆகும்? பறவைகள் தின்றால்?" என்று ஒரு கட்சி. "எலி இருக்கும்வரை தீவுக்கு விமோசனம் இல்லை" என்று மறு கட்சி. ஆண்டுக் கணக்கில் வாக்குவாதம். 2015-ம் ஆண்டில் ஓட்டு எடுத்தார்கள். 100-க்கு 52 பேர் "சரி" என்றார்கள்! மயிரிழையில் முடிவு.

"வேண்டாம்" என்றவர்களைக் குறை சொல்லிவிட முடியாது. தன் வீட்டு முற்றத்தில் நஞ்சு வைக்க யார்தான் யோசிக்க மாட்டார்கள்? ஆந்தையைக் கொண்டு வந்து கெட்ட அனுபவமும் அந்தத் தீவுக்கு உண்டு. ஆனால் எலியும் நாள்தோறும் தின்றுகொண்டுதான் இருந்தது. நஞ்சு வைப்பது ஒரு தடவை. எலி தின்பது ஒவ்வொரு இரவும். இதை எண்ணிப் பார்க்கும்போது "சரி" என்றவர்கள் பக்கமே நியாயம் கொஞ்சம் கூடுதல்.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. பூச்சிக்காக மட்டும் என்றால் இத்தனை பணம் வந்து இருக்காது. பறவை, பனை, சுற்றுலா எல்லாம் சேர்ந்ததால்தான் ஒன்றரைக் கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவிட முன்வந்தார்கள்.

2019-ம் ஆண்டில் வேலை நடந்தது. அதற்கு முன்பு, தீவுக்கே உரிய பறக்காத காட்டுக்கோழிகளில் 200-க்கு மேல் பிடித்துக் கூண்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். ஹெலிகாப்டர்கள் பறந்தன. தீனி விழுந்தது. எலிகள் மடிந்தன. கூண்டில் இருந்த கோழிகளைத் திறந்துவிட்டார்கள். அவை குஞ்சும் குட்டியுமாகப் பல மடங்கு பெருகிவிட்டன.

ஆலமரத்தடியில்

2022-ம் ஆண்டு ஜூலை மாதம். தீவின் வட பகுதியில் ஒரு பெரிய ஆலமரம். அங்கே ஒரு பல்கலைக்கழக மாணவரும் ஒரு விஞ்ஞானியும் போனார்கள். விஞ்ஞானி யார்? 2001-ல் டார்ச் விளக்கோடு பாறை ஏறிய அதே கார்லைல்தான்!

மாணவர் மரத்தடியில் ஒரு கல்லைப் புரட்டினார். அடியில் ஒரு கரப்பான் பூச்சி!

கரப்பானைக் கண்டால் நம் வீட்டில் துடைப்பத்தைத் தேடுவோம். அவர்கள் துள்ளிக் குதித்தார்கள். காரணம், அது சமையல் அறைக் கரப்பான் அல்ல. மக்கிய மரத்தைத் தின்னும், இறக்கை இல்லாத, லார்டு ஹவ் தீவுக்கே உரிய கரப்பான். விழுந்த மரத்தை மண்ணாக்குவது அதன் தொழில். பக்கத்துக் குட்டித் தீவுகளில் அதன் உறவினம் இருந்தது. பெரிய தீவில் 80 ஆண்டுகளுக்கு மேல் அதைப் பார்த்தவர் இல்லை. எலி தின்று தீர்த்துவிட்டது என்றே எண்ணி இருந்தார்கள். எலி ஆட்சி செய்த காலம் எல்லாம் அந்த ஆலமரத்தடியில் அது எப்படியோ காலம் தள்ளி இருக்கிறது.

குச்சிப்பூச்சியையும் ஒரு நாள் தீவுக் காட்டில் திரும்ப விட வேண்டும் என்பதுதான் மிருகக்காட்சி சாலைக்காரர்களின் ஆசை. அவசரப்பட முடியாது. எலி உண்மையிலேயே ஒழிந்ததா என்று பார்க்க வேண்டும். எலியைத் தின்ன வந்த ஆந்தை ஒழிந்ததா என்று பார்க்க வேண்டும்.

அந்தக் கவலை வீண் கவலை அல்ல. 2021-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், எலி தீர்ந்தது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது, தீவில் ஒருவர் கண்ணில் எலி பட்டது. தேடத் தேட இன்னும் பல அகப்பட்டன. மறுபடியும் பொறி, மறுபடியும் தீனி, மறுபடியும் இரவு பகல் காவல். பிடித்து முடித்தார்கள்.

தீவுக்கு அரிசி, மாவு, சிமெண்டு எல்லாம் கப்பலில்தான் வர வேண்டும். எலி மோப்பம் பிடிக்க நாய்களைப் பழக்கி வைத்து இருக்கிறார்கள். சரக்கு இறங்கும் இடத்தில் மூட்டைகளையும் பெட்டிகளையும் அவை முகர்ந்து பார்க்கின்றன.